கிராபிக்ஸும் டிவி ட்யூனரும் ஒன்றாக உள்ள அட்டை: பழைய வீடியோ கேசட்டுகளைப் பதிவு செய்ய வைத்துக்கொள்ளலாமா, தனித்தனி அட்டைகளுக்கு மாறலாமா?

நாடாப்பெட்டி (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய மேசைக் கணினி ஒன்றை இன்னும் கழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் பகுதியும் தொலைக்காட்சி அலையை வாங்கும் ட்யூனரும் ஒரே பலகையில் சேர்ந்திருக்கும் அட்டை ஒன்று அதன் ஏஜிபி ஸ்லாட்டில் (கிராபிக்ஸ் அட்டைக்கென்றே உள்ள செருகிடத்தில்) இருக்கிறது. வாங்கிய காலத்தில் அந்த அட்டை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் சிறு சாளரத்தில் செய்தி ஓடும். நடுவில் தொலைபேசி அடித்தால் நேரலையை நிறுத்திவிட்டுப் பேசி முடித்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து பார்க்கலாம். அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு ட்யூனருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கணினியும் பரண் ஏறிவிட்டது.

இப்போது அதை மீண்டும் இறக்கியிருப்பதற்குக் காரணம், வீட்டிலுள்ள 23 விஎச்எஸ் கேசட்டுகள். எங்கள் பாட்டி பேசுவதும் நடப்பதும் இருக்கும் ஒரே பதிவு அவற்றில்தான் இருக்கிறது. நாடா முழுவதும் கெட்டுப்போவதற்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்ற கவலை எனக்கு உண்டு. விசிஆரின் ஏரியல் வெளியீட்டிலிருந்து அட்டையின் ஏரியல் துளைக்குக் கேபிள் கொடுத்து, அட்டையுடன் வந்த மென்பொருளிலேயே எம்பெக்-2 என்ற சுருக்கிய வீடியோ வடிவில் மூன்று கேசட்டுகளைப் பதிவு செய்து பார்த்தேன்.

முதல் குறை, படமும் ஓசையும் போகப் போக விலகிவிடுவது. ஒரு கேசட்டில் குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது என் அக்கா கைதட்டுகிறாள். அது நாடாவின் 40ஆவது நிமிடத்தில் வருகிறது. பதிவில் அவளுடைய கைகள் சேர்ந்து விலகி ஏறக்குறைய அரை நொடி ஆன பிறகே தட்டும் ஓசை கேட்கிறது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டின் இறுதியில் வேறுபாடு ஏறக்குறைய ஒரு நொடியாகிவிடுகிறது. அடுத்த குறை, பதிவு நடக்கும்போது மவுஸ் அம்பு அவ்வப்போது திக்கித் திக்கி நகர்வது. அந்தக் கணங்களில் படமும் ஒரு துள்ளு துள்ளுகிறது. இவை தவிர, ஒரு கேசட்டில் மட்டும் படம் சில நொடிகளுக்கு ஒருமுறை இருண்டு, பிறகு தானாக வெளுக்கிறது. அதே கேசட்டை நேரடியாகத் தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டால் அந்தக் குறை தெரியவில்லை.

இப்படி இரண்டும் சேர்ந்த அட்டையை நீண்ட நாள் வைத்திருந்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன். இது இந்த வகை அட்டைக்கே உரிய குறையா? இதைக் கழற்றிவிட்டுத் தனி கிராபிக்ஸ் அட்டை, பிசிஐ என்ற பொதுவான ஸ்லாட்டில் செருகும் தனி ட்யூனர் அட்டை என்று மாறினால் பதிவு மேம்படுமா? இருப்பதை வைத்தே சரிசெய்ய வழி உண்டு என்றால், எங்கிருந்து தொடங்குவது என்பதையும் சொல்லுங்கள்.

இரட்டைப்புலம் (மறுமொழி)

வணக்கம் நண்பரே. நான் இந்த வகை அட்டைகளில் அடுத்தடுத்து மூன்றை வைத்திருந்தவன். ஒன்று இன்னமும் இயங்குகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஏரியல் கேபிளைக் கழற்றிவிடுங்கள். உங்கள் விசிஆர் நாடாவிலிருந்து எடுத்த படத்தை ஒரு தொலைக்காட்சி நிலையம்போல் மறுபடியும் அலையில் ஏற்றி அனுப்புகிறது. அட்டையின் ட்யூனர் அந்த அலையிலிருந்து படத்தைத் திரும்பப் பிரித்தெடுக்கிறது. ஒரு கை அகலத் தொலைவைக் கடக்க இந்த ஏற்றமும் இறக்கமும் தேவையே இல்லை, ஒவ்வொன்றிலும் படம் கொஞ்சம் கெடுகிறது. ஓசையும் அந்த வழியில் பெரும்பாலும் மோனோவாகத்தான் வரும். விசிஆரின் பின்புறத்தில் மஞ்சள் நிறத் துளை ஒன்று இருக்கும். அதுதான் கம்பாசிட் வெளியீடு. அதை அட்டையின் வீடியோ உள்ளீட்டில் நேராகக் கொடுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் இடம் போதாது என்பதால் இந்த உள்ளீடுகளைத் தனியாக ஒரு சிறு பெட்டியிலோ கொத்துக் கேபிளிலோ கொடுத்திருப்பார்கள். அது தொலைந்துபோய், இப்படி ஓர் உள்ளீடு இருப்பதையே மறந்துவிட்டவர்கள் பலர். உங்கள் விசிஆர் எஸ்-விஎச்எஸ் வகையாக இருந்து எஸ்-வீடியோ வெளியீடும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒளிர்வும் நிறமும் அதில் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் நிறங்களின் ஓரத்தில் ஊரும் புள்ளிகள் மறைந்துவிடும்.

இதைச் செய்தவுடன் உங்கள் கேள்வியின் உருவமே மாறிவிடும். இந்த அட்டைகளை நாம் டிவி அட்டை என்று அழைத்துப் பழகிவிட்டோம்; ஆனால் உங்கள் வேலைக்கு டிவி பகுதியான ட்யூனர் வேண்டியதே இல்லை. வேண்டியது, உள்ளே வரும் அனலாக் படத்தை எண்களாக மாற்றும் சில்லு மட்டும். 1996இல் ஏடிஐ வெளியிட்ட முதல் ஆல்-இன்-வொண்டரிலிருந்து 2008இல் ஏஎம்டியின் கீழ் வந்த எச்டி மாதிரி வரையிலும், மேட்ராக்ஸ் மார்வெல், என்விடியாவின் பெர்சனல் சினிமா ஆகிய அட்டைகளிலும் கிராபிக்ஸ் சில்லு ஒன்றாகவும் படத்தை வாங்கும் சில்லு வேறாகவும்தான் அமைந்திருந்தன. பலகை ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. பதிவின் தரத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது சில்லு. அது நல்லதாக இருந்தால், தனி அட்டைக்கு மாறுவதால் படம் தானாக மேம்பட்டுவிடாது.

சேர்ந்த அட்டையின் உண்மையான நயம் எங்கே இருந்தது என்றால், நேரலையைப் பார்ப்பதில் இருந்தது. வரும் படம் நேராக அட்டையின் சொந்த நினைவகத்துக்குள் போய், ஓவர்லே என்ற முறையில் திரையின் மேல் படர்ந்துவிடும். கணினியின் மையச் செயலி (சிபியு) அதைத் தொடவே தேவையில்லை. டிவி சாளரத்தை மவுஸால் வேகமாக இழுத்தால் அதன் ஓரத்தில் ஒரு கணம் கத்தரிப்பூ நிறத்திலோ கறுப்பிலோ பட்டை ஒன்று தெரிந்து மறைவதைப் பார்த்திருப்பீர்கள். கணினியைப் பொறுத்தவரை அந்தச் சாளரத்தில் இருப்பது அந்த ஒற்றை நிறம் மட்டுமே; அந்த நிறம் இருக்கும் இடத்திலெல்லாம் அட்டை படத்தை வைத்து நிரப்புகிறது. திரையைப் படம் பிடித்துச் சேமித்தால் டிவி இருந்த இடம் வெறுமையாக வந்ததற்கும் இதுதான் காரணம்.

பதிவு என்று வரும்போது இந்த வசதி உதவாது. அந்தப் படம் அட்டையிலிருந்து கணினியின் நினைவகத்துக்கு வந்து, செயலியைக் கடந்து, வன்தட்டுக்குப் போயாக வேண்டும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், 720க்கு 576 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 25 பிரேம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 20.7 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகிறது. ஆகவேதான் அட்டையுடன் வரும் மென்பொருள்கள் பதிவாகும்போதே எம்பெக்-2 ஆகச் சுருக்குகின்றன. அந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது அட்டை என்று பலர் நினைக்கிறார்கள். இத்தகைய அட்டைகள் பெரும்பாலானவற்றில் அதன் பெரும் சுமை கணினியின் செயலி மேல்தான் விழுகிறது. செயலியால் ஒரு கணம் ஈடுகொடுக்க முடியாமல் போனால் பிரேம் தொலைந்துவிடும்.

உங்கள் அக்கா கைதட்டும் காட்சி உங்களுக்கு நல்ல அளவுகோல். 25 பிரேமுக்கு ஒரு நொடி என்பதால், 12 அல்லது 13 பிரேம்கள் தொலைந்து, அந்த இடங்களை மென்பொருள் நிரப்பாமல் விட்டாலே படம் ஓசையை அரை நொடி முந்திவிடும். நீங்கள் சொல்வதும் அதுதான்: கை முதலில், ஓசை பிறகு. ஆனால் விலகலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஜிபி காலத்து அட்டைகள் பலவற்றில் ஓசையை ஒரு சிறு கேபிள் வழியாக ஒலி அட்டையின் லைன்-இன் துளைக்குக் கொடுப்பார்கள். படத்தின் நேரத்தை ஒரு கடிகாரமும் ஓசையின் நேரத்தை வேறொரு கடிகாரமும் அளக்கின்றன. இரண்டுக்கும் இடையே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகும். முதல் வகை விலகல் படிப்படியாகத் தாவும்; இரண்டாம் வகை சீராக வளரும். பதிவில் கதவு மூடுவது, கைதட்டுவது, மேசையில் பொருள் வைப்பது போன்ற ஐந்தாறு இடங்களைத் தேர்ந்து வேறுபாட்டைக் குறித்துப் பாருங்கள். எந்த வகை என்று உடனே விளங்கிவிடும்.

அட்டையுடன் வந்த மென்பொருளை விட்டுவிட்டு விர்ச்சுவல்டப் மென்பொருளின் பதிவுப் பகுதியைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. தொலைந்த பிரேம்கள் எத்தனை, செருகப்பட்டவை எத்தனை என்பதை அது ஓடும்போதே காட்டும். சுருக்கத்துக்கு ஹஃப்யுவ் கோடெக்கை வையுங்கள். அது எதையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாக்கும். செயலிக்கும் எம்பெக்-2 அளவுக்குச் சுமை தராது. வன்தட்டு எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபியுடன் கோப்பு நின்றுவிடும் என்பதால் என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அகலத்தை 352 ஆகக் குறைத்தாலும் விஎச்எஸ் நாடாவில் பெரிய இழப்பு இராது, ஏனென்றால் கிடைமட்டத்தில் அந்த நாடாவே ஏறத்தாழ 240 கோடுகளுக்கு மேல் தாங்குவதில்லை. உயரத்தை மட்டும் 576இலிருந்து எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். ஒவ்வொரு பிரேமும் ஒற்றைக் கோடுகள் ஒரு புலம், இரட்டைக் கோடுகள் இன்னொரு புலம் என்று இரண்டு வெவ்வேறு கணங்களைச் சுமந்து வருகிறது. 288 ஆக்கினால் பாதிக் கணங்கள் போய்விடும். ஓடும் குழந்தையின் கால் ஒவ்வொரு நொடியும் 50 தடவை பதிவாகியிருக்கிறது. அதில் 25ஐ எறிந்துவிட மனம் வராது.

மின்தேக்கி (மறுமொழி)

முன்னவர் சொன்ன தொழில்நுட்ப விளக்கங்களை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன், ஏனென்றால் இந்தச் சேர்க்கையால் நான் அடிபட்டிருக்கிறேன்.

நான் வைத்திருந்த சேர்ந்த அட்டை நான்காம் ஆண்டில் ஒரு நாள் திரையில் செங்குத்துக் கோடுகளைக் காட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது ட்யூனரின் உலோகப் பெட்டிக்கு அருகில் இருந்த மூன்று மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தது. 2000களின் முற்பகுதியில் வந்த பல மின்னணுப் பலகைகளில் இந்தக் குறை பரவலாக இருந்தது என்பதால் அந்த அட்டையை மட்டும் நான் பழிக்கவில்லை. ஆனால் தனி கிராபிக்ஸ் அட்டையாக இருந்திருந்தால் திரை மட்டும் போயிருக்கும். வேறொன்றைச் செருகி அன்று மாலையே பதிவைத் தொடர்ந்திருப்பேன். எனக்கோ திரை, டிவி, பதிவு மூன்றும் ஒரே நாளில் போயின. டிவி நன்றாகத்தான் இருந்தது, கிராபிக்ஸ்தான் போயிற்று என்று சொல்லி யாரும் பாதி அட்டையை மாற்றித் தர முடியாதல்லவா?

மென்பொருளிலும் இதே சிக்கல்தான். சேர்ந்த அட்டைக்குத் திரையின் டிரைவர் (அட்டையை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்), பதிவுப் பகுதியின் டிரைவர், அவற்றின் மேல் அமரும் டிவி மென்பொருள் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய பதிப்புகளாக இருந்தாக வேண்டும். ஒரு விளையாட்டுக்காகத் திரையின் டிரைவரைப் புதுப்பித்தேன். டிவி சாளரம் கறுத்துவிட்டது. டிவிக்காகப் பழைய டிரைவருக்குத் திரும்பினேன். விளையாட்டு திறக்க மறுத்தது. அதன் பிறகு பிடி878 சில்லு கொண்ட தனி பிசிஐ அட்டைக்கு மாறினேன். அதற்குப் பிறகு மூன்று கிராபிக்ஸ் அட்டைகள் வந்து போய்விட்டன, அந்த பிசிஐ அட்டை மட்டும் இடம் மாறவில்லை. லினக்ஸில் அந்தச் சில்லுக்கான பிடிடிவி டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், குறுவட்டைத் தேடி அலையும் வேலையும் எனக்கு இல்லாமல் போயிற்று.

கிராபிக்ஸ் வேகத்திலும் சில நேரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். 2001இல் வந்த ரேடியான் 8500 அட்டை 275 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதே சில்லைக் கொண்டு வந்த ஆல்-இன்-வொண்டர் 8500டிவி (8500DV) அட்டையை 230 மெகாஹெர்ட்ஸில்தான் ஓட்டினார்கள். உங்கள் இன்றைய தேவைக்கு இது பொருட்டல்ல. ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் வைப்பதற்குச் செலவு உண்டு என்பதற்கு இது சான்று.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பிசிஐ அட்டையில் பதிவான படத்தையும் பழைய சேர்ந்த அட்டையில் பதிவான படத்தையும் ஒரே நாடாவிலிருந்து எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தபோது பழையதே தெளிவாக இருந்தது. வெண்ணிற உடைகளின் மடிப்புகள் பழைய பதிவில் தெரிந்தன. புதியதில் அவை வெறும் வெள்ளையாகக் கரைந்திருந்தன. ஆகவே நீங்கள் மாறுவதானால் தரத்துக்காக மாறாதீர்கள், பாதுகாப்புக்காக மாறுங்கள்.

நிலைவட்டு (மறுமொழி)

நான் சேர்ந்த அட்டை வைத்திருந்ததில்லை. ஆனால் மவுஸ் அம்பு திக்குகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காக இதை எழுதுகிறேன். அது அட்டையின் குறையாக இல்லாமல் வன்தட்டின் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸ் எக்ஸ்பியில், பட்டைக் கேபிளில் இணையும் ஐடிஇ வன்தட்டுடன் தரவுப் பரிமாற்றம் நடக்கும்போது காலம் தவறுதலோ பிழையோ ஏற்பட்டு, அப்படிச் சேரும் தவறுகள் ஆறைத் தொட்டால், வேகத்தை ஒரு படி கீழே இறக்கிவிடும். பிழைகள் தொடரத் தொடரப் படிப்படியாக இறங்கி, கடைசியில் டிஎம்ஏ முறையிலிருந்து பிஐஓ முறைக்கு வந்து நின்றுவிடும். தானாக மேலே ஏறாது. டிஎம்ஏ முறையில் தரவு நேராக நினைவகத்துக்கும் தட்டுக்கும் இடையே போய்வரும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துணுக்கையும் செயலியே எடுத்து வைக்க வேண்டும். ஏற்கனவே எம்பெக்-2 சுருக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் செயலியின் தலையில் இந்தச் சுமையும் ஏறினால் அம்பு திக்குவதும் பிரேம் தொலைவதும் இயல்புதான்.

டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து, தற்போதைய பரிமாற்ற முறை என்ன என்று பாருங்கள். பிஐஓ என்று காட்டினால் அந்தச் சேனலை அங்கேயே நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள்; விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து வேகத்தை மீட்டுவிடும். அதற்கு முன் பட்டைக் கேபிளையும் பாருங்கள். 80 கம்பிகள் உள்ள கேபிளாக இருக்க வேண்டும். 40 கம்பிகள் உள்ள பழைய கேபிளாகவோ மடிந்து நைந்ததாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பிழைகள் மீண்டும் சேர்ந்து சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

நாடாப்பெட்டி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போய்விடும் என்பதால் பொறுமையாகவே செய்தேன்.

முதலில் எதையும் மாற்றாமல், அதே ஏரியல் கேபிளை வைத்துக்கொண்டு, விர்ச்சுவல்டப்பில் அக்கா கைதட்டும் கேசட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். தொலைந்த பிரேம்கள் 26. ஏறக்குறைய ஒரு நொடி! இறுதியில் நான் கண்ட வேறுபாடும் அதே அளவுதான் என்பதைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு நிலைவட்டு அவர்கள் சொன்ன இடத்தைத் திறந்தேன். பிஐஓ என்றுதான் இருந்தது. பட்டைக் கேபிள் கணினிப் பெட்டியின் ஓரத் தகட்டில் அழுந்தி ஒரு மூலை மடிந்திருந்தது; வேறு கேபிள் போட்டு, சேனலை நீக்கி, மறுபடி இயக்கினேன். மவுஸ் அம்பு இப்போது தடையில்லாமல் நகர்கிறது. அதே கேசட்டில் தொலைந்த பிரேம்கள் ஒன்றே ஒன்று. அதுவும் நாடாவில் கசங்கிய இடத்தில் வருகிறது.

அதன் பிறகுதான் ஏரியல் கேபிளைக் கழற்றி மஞ்சள் துளைக்கு மாற்றினேன். உள்ளீட்டுப் பெட்டி பரணில் வேறொரு அட்டைப்பெட்டிக்குள் கிடைத்தது. பாட்டி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் காட்சியில், இதுவரை நான் மங்கலான நரைத் தலை என்று மட்டுமே கண்டிருந்த இடத்தில், காதோரத்தில் முடியைப் பின்னால் ஒதுக்கிச் செருகியிருந்த கருநிற ஊசி தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேசட்டில் அது இருந்திருக்கிறது. அதைப் பார்க்கும் வழியைத்தான் நான் தவறாக வைத்திருந்திருக்கிறேன். சிறிது நேரம் பதிவை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசையில் சிறிய விலகல் ஒன்று இன்னும் மீதி இருக்கிறது. ஐந்து இடங்களில் அளந்தேன். தாவாமல் சீராக வளர்ந்து ஒரு மணி நேர முடிவில் 0.2 நொடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. இரட்டைப்புலம் அவர்கள் சொன்ன இரண்டாம் வகை என்று புரிந்துகொள்கிறேன். மின்தேக்கி அவர்கள் எச்சரித்ததால் அட்டையைக் கழற்றி விளக்கொளியில் பார்த்தேன். எல்லா மின்தேக்கிகளின் தலையும் தட்டையாகவே இருக்கின்றன.

ஆகவே இப்போதைக்குப் பிரிப்பதில்லை, 23 கேசட்டுகளும் முடியும்வரை இந்த அட்டையையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். படம் இருண்டு வெளுக்கும் அந்த ஒரு கேசட் மட்டும் கம்பாசிட் வழியிலும் அப்படியேதான் வருகிறது. மீதி ஓசை விலகலுக்கும் இதற்கும் ஏதேனும் வழி உண்டா?

இரட்டைப்புலம்

மிக்க மகிழ்ச்சி நண்பரே. ஓசை விலகலுக்குத் தீர்வு எளிது. விர்ச்சுவல்டப்பின் பதிவு அமைப்பில் நேரம் பற்றிய பகுதியைத் திறந்தால், படத்தின் கடிகாரத்தை முதன்மையாக வைத்து, ஓசையின் வேகத்தைச் சிறிதளவு மாற்றி அதனுடன் ஒட்டவைக்கும் தெரிவு இருக்கும். அதை இயக்கிவிடுங்கள். மாற்றம் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்பதால் பாட்டியின் குரலில் எந்த வேறுபாடும் காதுக்குத் தெரியாது.

இருண்டு வெளுக்கும் கேசட்டைப் பொறுத்தவரை, அது உங்கள் வீட்டில் எடுத்த பதிவுதான் என்றால், பதிவுச் சில்லு அதைக் காப்புரிமைத் தடுப்பு உள்ள கேசட் என்று தவறாக எண்ணுகிறது என்றே தோன்றுகிறது. கடைகளில் விற்ற திரைப்படக் கேசட்டுகளில், படத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத கோடுகளில் வழக்கத்துக்கு மாறான துடிப்புகளைச் சேர்த்திருப்பார்கள். இன்னொரு விசிஆரின் ஒளிர்வுக் கட்டுப்பாடு அவற்றைக் கண்டு குழம்பிப் படத்தை இருட்டாக்கிவிடும். தொலைக்காட்சிப் பெட்டி அவற்றைப் பொருட்படுத்தாது. உங்கள் நாடா பலவீனமாகி, அந்த இடத்து அலை நிலையில்லாமல் ஆடினால் அதுவும் சில்லுக்கு அதே துடிப்புகள்போலத் தெரியக்கூடும்.

முதலில் அந்தக் கேசட்டை முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓடவிட்டு நாடாவின் இழுவையைச் சமப்படுத்துங்கள். பிறகு விசிஆரின் தலையைச் சுத்தம் செய்து, டிராக்கிங் குமிழைக் கையால் திருப்பி, படம் மிக அமைதியாக நிற்கும் இடத்தில் விடுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால், யாரிடமேனும் வேறொரு விசிஆரை இரவல் வாங்கி அதில் போட்டுப் பாருங்கள். ஒரு கருவியில் ஆடும் நாடா இன்னொன்றில் அமைதியாக ஓடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டுமே டைம் பேஸ் கரெக்டர் என்ற தனிக் கருவியை விசிஆருக்கும் அட்டைக்கும் நடுவில் வைக்க வேண்டும். அது ஒவ்வொரு பிரேமையும் வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் பிசகாத புதிய அலையாக வெளியே விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது என்பதால், டிரைவர் எதையும் புதுப்பிக்காதீர்கள். அந்தக் கணினியின் வன்தட்டு முழுவதையும் இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அட்டையுடன் வந்த குறுவட்டின் பிரதியும் அதனுடன் இருக்கட்டும். அந்த மோசமான கேசட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பாட்டி இருக்கும் கேசட்டுகளை முதலில் முடித்துவிடுங்கள்.